பழுது இல்லை

புவேர்த்தோ மோன்ட். மூன்றாம் மாடி. இரவுப் பணி.
தென் சிலியின் பாதி வீடுகள்
என் திரையில் பச்சைப் புள்ளிகளாகத் தூங்குகின்றன.

நான் எதையும் அடைப்பதில்லை.
அடைக்காதே, இழுத்தடிக்காதே என்கிறது சட்டம்.
சட்டத்துக்கே சட்டம் போட்டு
மேலாளர் அறையில் மாட்டியிருக்கிறோம்.
நான் செய்வதெல்லாம் எண்ணுவது.
இன்னும் சரியாகச் சொன்னால்
சிலதை எண்ணாமல் விடுவது.

நாற்பத்தொன்றாம் வரி:
அரட்டைச் செயலிக்கும் அதன் தங்கைக்கும் கணக்கு இல்லை.
நாற்பத்திரண்டு:
மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு.
சாலையோரப் பலகையில் இதற்குப் பெயர் இலவசம்.
ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள்.

எதுவினா கொலிவோரோவை நான் பார்த்ததில்லை.
சீலோவே தீவில் மட்டி பொறுக்குகிறவள் என்பது
புகார்ப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் இருந்தது.
காகிதப் படிவம். படகேறி வந்தது. ஓரமெல்லாம் உப்பு.

மாதத்தின் இருபத்தாறாம் நாள்;
காசு கட்டிய டேட்டா தீர்ந்திருந்தது.
விடியலில் கடல் வற்றிய நேரத்தில்
இரண்டு மூட்டை மட்டி.
கரையேறும்போது அரட்டையில் ஒரு வரி:
"செம்பாசி பரவுகிறது. மூடப்பட்ட வளைகுடாக்களின்
பட்டியலுக்கு இங்கே தொடவும்."

தொட்டிருக்கிறாள்.
இங்கே என்பது அங்கே இல்லை.
அது சுகாதாரத் துறையின் பக்கத்தில் இருந்தது,
அதாவது
நாற்பத்திரண்டாம் வரியில்.

குழுவில் கேட்டாள். கேட்பது இலவசம்.
ஒன்பது பேர் மூடியாச்சு என்றார்கள்.
நான்கு பேர் போன வருஷத்துப் பட்டியலை அனுப்பினார்கள்.
ஒருவர் புனிதர் படம், மினுங்கும் மெழுகுவத்தியோடு.
தின்று பார், தெரிந்துவிடும் என்றான் மைத்துனன்,
பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு.
எல்லாம் நொடியில் வந்து விழுந்தன.
பட்டியலுக்குப் பதிலாக ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது.

விஷமேறிய மட்டிக்கு முகத்தில் எழுதியிருக்காது.
கொதிக்க வைத்தாலும் போகாது.
முதலில் உதடு மரத்துப்போகும்,
பிறகு மூச்சு.
இரண்டு மூட்டையையும் கடலிலேயே கொட்டினாள்.

அவளுடைய வளைகுடா
அந்தப் பட்டியலிலேயே இல்லை.

யாரும் சாகவில்லை, எனவே செய்தி இல்லை.
அன்று காலை என் வரைபடத்தில் ஒரு கோடும் நடுங்கவில்லை;
கடைமடை வரை பாய்ந்துகொண்டுதான் இருந்தது,
எது பாய்ந்தது என்று வரைபடம் சொல்லாது.
கோபுரம் சரி. அலைவரிசை சரி. வேகம் சரி.
"பழுது இல்லை" என்று குறித்து மூடினேன்.
ஒரு புகாருக்கு ஆறு நிமிடம் என்பது இலக்கு,
நான் நான்கில் முடித்தேன்.
மாதக் கடைசியில் பாராட்டு மின்னஞ்சல் வந்தது.

போன ஞாயிறு தீவுக்குப் போகும் படகுத்துறையில்
காரோடு வரிசையில் நின்றேன். தூறல்.
ஆம்புலன்ஸ் வந்தது. எல்லோரும் ஒதுங்கினோம்,
ஒருத்தர் வாயிலிருந்தும் முணுமுணுப்பு இல்லை.
அதன் வாலைப் பிடித்து சால்மன் கம்பெனி லாரிகள்,
ஐந்து, ஒப்பந்தச் சீட்டை ஜன்னலில் காட்டியபடி.
பக்கத்து வேன்காரர் இறங்கிப்போய்ச் சத்தம் போட்டார்.
"உங்களை யாராவது தடுத்தோமா?" என்றான் துறைக்காரன்,
கோபமே இல்லாமல்.
"படகில் இடம் இல்லை, அவ்வளவுதான்."

அது என் குரல்.
நான்கு நிமிடத்தில் முடிக்கிற குரல்.

அன்றிரவு மேலாளர் போன பிறகு
நாற்பத்தொன்றாம் வரியைத் திறந்தேன்.
அழிக்கவில்லை. எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது.
அதற்கு மேலே ஒரு குறிப்பு சேர்த்தேன்;
முன்னால் வேலிக்குறி போட்டால்
இயந்திரம் அதைப் படிக்காமல் தாண்டிப்போகும்.
என் நாற்காலிக்கு அடுத்து வருகிறவர் படிப்பார்.
யாரிடமாவது கேட்பார், என்ன இது என்று.

# இரண்டு மூட்டை.